பதினெட்டுப் பேர் ஆடிய ராஜ்ஜியம்

யாகப்பன் மாமா எங்கே நடந்து போனாலும், இருபத்தாறு காலடிக்கு ஒருமுறை இடது சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வலது சட்டைப்பையில் போடுவார். அதற்காகவே இரண்டு பை வைத்துத் தைத்த சட்டைகள். இருபத்தாறு காலடி என்றால் அறுபத்தாறு அடி. நூறு கண்ணி கொண்ட, நிலம் அளக்கும் சங்கிலி ஒன்றின் நீளம் அது. பத்துக் கல் மாறினால் ஒரு பர்லாங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் மாற்றுவார். ரேஷன் கடைக்குப் போகும்போதும் மாற்றுவார். என் நைனாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போனபோதும், ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கல்லை மாற்றினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பெட்டிக்குப் பின்னால் நடந்த நான் அழுகையை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனேன்.

"போய்ச் சேந்தவனுக்குக் கூடவா அளவு எடுப்ப?" என்று அன்று மாலை மாமாவின் மனைவி அற்புதமேரி அத்தை கேட்டாள்.

"வூட்டுலேர்ந்து கல்லறைக்கு ஏழு சங்கிலி, நாப்பது கண்ணி" என்றார் மாமா, ஏதோ ஆறுதல் சொல்வதைப் போல.

எனக்கு அவர்மேல் அன்றைக்கே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வருஷம் தாமதமாக வந்தது. வந்த பிறகு போகவில்லை.

அவர் என் அம்மாவின் அண்ணன். 1955ஆம் வருஷம் நில அளவையில் செயின்மேன் வேலைக்குச் சேர்ந்தார். சர்வேயர் கருவியில் கண்ணை வைத்துப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். செயின்மேன் முள்ளிலும் சேற்றிலும் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவார், கொடி பிடித்து நிற்பார், எல்லைக்கல் நடுவார். இருபத்தெட்டு வருஷம் மாமா அதைத்தான் செய்தார். மண்ணூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் என்று ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி அவர் கால் படாத வரப்பு கிடையாது. எந்த ஊர் ஏரிக்கு எத்தனை மதகு, எந்த மதகில் எந்தப் பக்கம் ஓட்டை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அளந்த நிலத்தில் ஒரு சென்ட் கூட அவர் பேரில் இல்லை.

எங்கள் ஊர் வல்லேரி. ஏரிக்குக் கிழக்கே ஊர், மேற்கே எங்கள் காலனி. காலனியில் அப்போது இருபத்து மூன்று வீடுகள். காலனியில் முதன்முதலில் பி.ஏ. படித்தவன் நான். வரலாறு எடுத்துப் படித்தேன். ஆற்றங்கரைகளில் நாகரிகங்கள் எப்படித் தோன்றின என்று வாத்தியார் வகுப்பில் சொல்லச் சொல்ல, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். இதெல்லாம் எனக்கு ஏற்கனவே தெரியும். யாகப்பன் மாமாவின் சாக்குத்துணியில் நான் பார்த்திருந்தேன்.

1971 கோடையில் அவர் அதைத் தைத்தார். நாற்பத்தெட்டு உரச் சாக்குகளைப் பிரித்துக் கழுவி, கோணி ஊசியால் ஒன்றாக இணைத்தார். பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். ஒரு மைலுக்கு ஓரடி என்பது கணக்கு. கிழக்கு ஓரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி, மேற்கு ஓரத்தில் சுங்குவார்சத்திரம், நடுவில் ஸ்ரீபெரும்புதூர், தெற்கே ஒரகடம். சலவை நீலத்தால் ஏரிகள், செங்காவியால் பாதைகள், தாரால் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் நாற்பது ஏக்கர். இப்படி மூவாயிரத்துச் சொச்சம் கட்டங்கள்.

பெயர் ராஜ்ஜிய ஆட்டம். ஒன்பது பேருக்குக் குறைந்தால் ஆட முடியாது, பதினெட்டுப் பேருக்கு மேல் இடமில்லை. ஆளுக்கு ஒரு ஊர். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஐந்து புளியங்கொட்டைகள், அதாவது ஐந்து குடும்பங்கள். ஒரு சுற்று ஒரு போகம். தண்ணீர் உள்ள கட்டத்தில் நிற்கும் கொட்டை அடுத்த போகத்தில் இரண்டாகும். நிலம் தாங்காத அளவுக்குப் பெருகினால் பட்டினி, பாதிக் கொட்டைகளை எடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு கொட்டைகளைக் கொடுத்தால் ஒரு சோடா மூடி கிடைக்கும். அது ஒரு கிராமம். ஏரி வெட்ட ஒருவரால் முடியாது. பக்கத்து ஊர்க்காரரும் கொட்டை போட்டால்தான் கரை எழும்பும். உடைந்த வளையல் துண்டுகள் சரக்குகள். சிவப்பு என்றால் உப்பு, பச்சை என்றால் துணி, நீலம் என்றால் இரும்பு. சரக்கு மாற்றும் நேரத்தில் பதினெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். சிகரெட் அட்டைகளில் மாமா எழுதிவைத்த கேடுகள் வரும். காலரா, புயல், மாட்டுக்குக் கோமாரி, ஏரி உடைப்பு. ஒரு ராஜ்ஜியம் ஐந்து காலங்களைக் கடக்க வேண்டும். கலப்பை, ஏரி, சந்தை, சாலை, ஆலை. ஆலை கட்டி, ஒரு போகம் முழுவதும் அதைக் காப்பாற்றி வைத்திருப்பவன் ஜெயித்தவன். ஆட்டம் முடிய மூன்று நாள் ஆகும்.

இதை அவர் எங்கேயும் பார்த்துச் செய்யவில்லை. வெயிலில் கொடி பிடித்து நிற்கும்போது யோசித்ததாகச் சொல்வார். "எல்லாருக்கும் அஞ்சே கொட்ட குடுத்து வுட்டா எவன் எங்க போய் நிப்பான்னு பாக்கணும்னு தோணிச்சு. அவ்ளோதான்."

வைகாசியில் ஏரி வற்றியதும், ஏரிக்குள்ளே கருவேல மர நிழலில் துணியை விரிப்பார். வற்றிய ஏரி யாருக்கும் சொந்தமில்லை. ஊர்க்காரர்களும் வரலாம், நாங்களும் வரலாம். ஊர்க்காரர்கள் கிழக்கே உட்காருவார்கள். நாங்கள் மேற்கே. ஆளுக்கு ஓர் ஏழடி மூங்கில் கழி. கொட்டையையும் மூடியையும் கழியால்தான் தள்ள வேண்டும். கையால் தொட்டால் ஒரு போகம் ஆட்டம் கிடையாது.

கழி எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"துணி பெருசுடா. நடுவுல எப்டிக் கை எட்டும்?"

துணி பெரிதுதான். ஆனால் ஓரத்துக் கட்டத்தில் இருக்கும் கொட்டைக்கும் கழிதான். ஒருவர் தொட்டதை இன்னொருவர் தொட வேண்டியதில்லை. அதனால்தான் கிழக்குப் பக்கத்தார் வந்தார்கள். மாமா அதையும் அளந்துதான் வைத்திருந்தார். இது எனக்குப் புரிய வெகு காலம் ஆனது. புரிந்ததும் அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடாமல் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு.

துணியில் சில கட்டங்களில் தாரால் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி வைத்த கட்டம் தரிசு. மற்றக் கட்டங்களில் நுழைய வேண்டுமானால் அங்கே இருப்பவனோடு பேச வேண்டும், சரக்கு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சண்டை போட்டுக் கொட்டைகளை இழக்க வேண்டும். தரிசில் அந்தத் தொல்லை இல்லை. யார் வேண்டுமானாலும் மூடி வைக்கலாம். கேட்க ஆளில்லை.

வல்லேரிக்கு மேற்கே கல்மேடு என்று ஒரு கட்டம். அதில் ஒரு புள்ளி இருந்தது.

கல்மேடு என்பது நாங்கள் பயிர் வைத்த இடம். பொறுக்கிப் பொறுக்கிக் கல்லை அப்புறப்படுத்தி, இருபத்து மூன்று குடும்பமும் மூன்று தலைமுறையாகக் கேழ்வரகும் மணிலாக் கடலையும் போட்ட நாற்பது ஏக்கர். அதன் சரிவில்தான் எங்கள் காலனி. துணியில் காலனி இல்லை. கேழ்வரகு இல்லை. புள்ளிதான் இருந்தது.

1979 வைகாசி ஆட்டத்தில் நான் ஒரகடம். மூன்றாம் நாள் மத்தியானம் ஐந்து பேர் சாலைக் காலத்தில் இருந்தோம். எல்லாருக்கும் ஆலை கட்ட இடம் வேண்டும், எல்லாரும் மற்றவனுடைய கட்டத்தைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கழியை நீட்டி ஆலைக்கு வேண்டிய ஐந்து மூடிகளைத் தள்ளிக்கொண்டு போய்க் கல்மேட்டில் வைத்தேன். ஒரு கொட்டை கூடச் செலவில்லை. சாலையும் பக்கத்தில், தண்ணீரும் பக்கத்தில்.

கிழக்குப் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. பழைய மணியக்காரர் மகன் இராமச்சந்திரன், "படிக்கிற புள்ள மூளையே வேறப்பா. நாம ஒருத்தருக்கும் தோணல பாரு" என்றான். கிழக்குப் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எனக்கு முகமெல்லாம் பல்.

அத்தை கூழ்ப் பானையோடு வந்து நின்றவள் துணியை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஏரி எது மேடு எது என்று தெரியும்.

"இது நம்ம கல்மேடு இல்ல?"

"ஆமா அத்த."

"நம்ம வூட்டு மேலயே ஆல கட்டிப்புட்டு இளிச்சிகினு உக்காந்துகீறான் பாரு. ஏன்யா, நம்ம தெருவ எங்க காணோம்?"

மாமா கழியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "இது ஜாதி இல்லாத ஆட்டம் மேரி. ஊருன்னு போட்டா ஊருதான். அதுல காலனின்னு தனியாப் பிரிச்சிப் போட்டா அப்புறம் வெளிய இருக்கற மாதிரிதான இருக்கும்?"

"அப்ப அந்தப் புள்ளி?"

"அது வரபடத்துல உள்ளது. சர்க்காரு அளவு."

"அளவு" என்றாள் அத்தை. கூழ்ப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஜெயித்தேன். அன்று எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் குடித்தேன்.

1984 மாசியில் அறிவிப்பு வந்தது. மோட்டார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வல்லேரியில் நிலம் எடுக்கிறார்கள். கல்மேட்டில் பயிர் நிலம் முழுவதும் அதில் அடங்கும்; சரிவில் இருந்த காலனி வீடுகள் மட்டும் தப்பின. நான் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். காலனியில் அறிவிப்பை உரக்கப் படித்தவன் நான்தான். பயிர் வைத்து அனுபவித்துவரும் நிலத்தை இழப்பவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு வேலை, ஐந்து சென்ட் மனை. தரிசாகக் கிடந்த நிலத்துக்கு ஒன்றுமில்லை. மொத்தம் முப்பது வேலை.

"நாம இருவத்தி மூணு வூடு. அப்ப நம்மளுக்கு இருவத்தி மூணு வேல" என்றார் சுப்பன். காலனியில் மூத்தவர், கல்மேட்டின் உச்சியில் அவருடைய மணிலாக் கொல்லை.

"பதிவேட்டுல தரிசுன்னு கீது அண்ணாத்தே" என்றேன்.

"இன்னாது? எவன் எழுதினான்? நான் பயிரு வெக்காத வருசம் எதுன்னு சொல்லச் சொல்லு, பாப்போம்."

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். போன வருஷம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கல்மேட்டை எப்போது அளந்தார்கள் என்று கேட்டேன். "அறுவத்திரெண்டு. ஐப்பசி மாசம். நான்தான் கொடி புடிச்சேன்" என்றார்.

"தரிசாவா இருந்திச்சு?"

"கேவுரு மார் ஒசரம் நின்னிச்சுடா. கொடி தெரியலன்னு சர்வேயர் சத்தம் போட்டாரு. கதிர மடக்கிப் புடிச்சிகினு நின்னேன். கர்ணம் பக்கத்துல நின்னுகினு, தரிசுன்னு போட்டுக்குங்க, இவனுங்க ஆக்கிரமிப்புன்னாரு. சர்வேயரும் போட்டுக்கினாரு."

"நீ இன்னா சொன்ன?"

"செயின்மேன் இன்னாடா சொல்லுவான்? கொடியச் சாயாம புடிச்சேன்."

அவர் அப்போது தற்காலிக ஊழியர். அடுத்த தை மாதம்தான் வேலை நிரந்தரமாயிற்று. இதை அவரே சொன்னார், நான் கேட்காமலே. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மாமா, அந்த சர்வேயர் செத்துட்டாரு. கர்ணமும் இல்ல. அன்னிக்கி அங்க நின்னவங்கள்ல உசுரோட இருக்கறது நீ ஒருத்தன்தான். விசாரணைல வந்து இத அப்டியே சொல்லு. அது போதும்."

அத்தை அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "சொல்லுவியா?"

"சொல்றேன்" என்றார். சுப்பன் வீட்டுக்கும் போய், அங்கே கூடியிருந்தவர்களுக்கு முன்னாலும் சொன்னார். "கேவுருல நின்னுதான் கொடி புடிச்சேன்னு நான் வந்து சொல்றேன். நீங்க கவலப்படாதீங்க." இருபத்து மூன்று வீட்டுக்காரர்களுக்கு முன்னால் கொடுத்த வாக்கு அது.

விசாரணை பங்குனியில், ஊராட்சி அலுவலகத்தில், காலை பதினோரு மணிக்கு. நில எடுப்பு அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, கண்ணாடி, களைத்த முகம். பக்கத்தில் ஒரு எழுத்தர். ஊர்க்காரர்கள் உள்ளே பெஞ்சில். நாங்கள் வாசற்படியிலும் ஜன்னலிலும். என்னையும் மாமாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மாமா சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

நான் மனுவைப் படித்தேன். நன்றாகத்தான் படித்தேன். அதிகாரி கேட்டார். "பதிவேட்டில் தரிசு என்று இருக்கிறது. தவறு என்கிறீர்கள். சாட்சி?"

"இவர் சார். அறுவத்திரெண்டு அளவுல செயின்மேன். கொடி பிடிச்சவரே இவர்தான்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

இராமச்சந்திரன் அப்போது எழுந்தான். அவன் தம்பிகள் இரண்டு பேர் ஒரு பெரிய சுருளைத் தூக்கி வந்தார்கள். ராஜ்ஜிய ஆட்டத் துணி. மாமா வீட்டில் அதை விரிக்கவும் இடமில்லை, வைக்கவும் இடமில்லை. நான்கு வருஷமாக அது இராமச்சந்திரனின் டிராக்டர் கொட்டகையில்தான் இருந்தது. வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவர் மாமாதான்.

"சார், ஒரு நிமிசம். இது யாகப்பன் கையால வரஞ்சது. பன்னெண்டு வருசமா ஊரே ஒக்காந்து ஆடினோம். இதுல கல்மேடு இன்னான்னு அவரே போட்டுகீறாரு, பாருங்க." என்னைப் பார்த்துச் சிரித்தான். "தோ, இந்தத் தம்பி இதே எடத்துல ஆல கட்டி ஜெயிச்சது சார். அன்னிக்கி காலனி, கேவுரு ஒண்ணும் ஞாபகம் வர்ல."

பெஞ்சில் சிரிப்பு. என் காது சுட்டது. இது வெறும் ஆட்டம், இதை எப்படி ஆதாரமாக எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும். அப்படிக் கேட்கத்தான் பி.ஏ. படித்தேன். கேட்கவில்லை.

துணியின் ஒரு பக்கத்தைத் தரையில் விரித்தார்கள். அதிகாரிக்கு முதலில் எரிச்சல். பிறகு மேசையைச் சுற்றி வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தன்னிடம் இருந்த வரைபடத்தை எடுத்துத் துணியின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யார் வரைந்தது இது?"

"நான்தான் சார்" என்றார் மாமா.

"எந்த வரைபடத்தைப் பார்த்து?"

"பாத்து இல்ல சார். நடந்து."

"இந்தக் கால்வாய் வளைவு கூடச் சரியாக இருக்கிறதே. எங்கள் படத்தில் இவ்வளவு திருத்தமாக இல்லை." அவர் உண்மையாகவே வியந்துபோயிருந்தார். "என்ன அளவு வைத்தீர்கள்?"

"மைலுக்கு ஓரடி சார். ஒரு கட்டம் நாப்பது ஏக்கர்."

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் எந்த அதிகாரியும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கொடியை இடப்பக்கம் நகர்த்து, வலப்பக்கம் நகர்த்து என்பதைத் தவிர யாரும் அவரோடு பேசியதில்லை. இப்போது ஒருவர் குனிந்து நின்று, "நீங்கள்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மதகுகளைக் காட்டினார். ஐந்து காலத்தையும் சொன்னார். ஏரி வெட்ட இரண்டு ஊர் சேர வேண்டும் என்ற விதியைச் சொன்னார்.

"நல்ல மூளை" என்றார் அதிகாரி. "இந்தக் கறுப்புப் புள்ளி என்ன?"

"தரிசு சார்" என்றார் மாமா. அதோடு நிறுத்தியிருந்தாலும் ஏதாவது செய்திருக்கலாம். அதே உற்சாகத்தில், ஆட்டத்துக்குப் புதிதாக வந்தவனுக்கு விதி சொல்வதைப் போல, "புள்ளி இருந்தா யார் வேணா எடுத்துக்கலாம் சார். கேக்க ஆள் இல்ல" என்றார்.

எழுத்தரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"மாமா" என்றேன். "கேவுரு. கேவுருவச் சொல்லு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் ஒரு கணத்தில் போய்விட்டது. தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். ஜன்னல் பக்கம் சுப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்வதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார்.

மாமா துணியையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார். கல்மேட்டுக் கட்டம் தவறு என்றால், முழுத் துணியும் தவறாகிவிடுமே என்று நினைத்தாரோ? இல்லை, 1962இல் எதற்குச் சும்மா இருந்தாய் என்ற அடுத்த கேள்விக்குப் பயந்தாரோ? எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்று தெரிந்தால் என் கோபத்தை எங்கே வைப்பது என்றாவது தெரியும்.

"இல்ல சார்" என்றார்.

எழுத்தர் காகிதத்தை நீட்டினார். மாமா கையெழுத்துப் போட்டார்.

முப்பது வேலையும் ஊருக்குப் போயிற்று. இராமச்சந்திரன் வீட்டுக்கு இரண்டு. ஆவணியில் கல்மேட்டில் மண் தள்ளும் எந்திரம் ஏறியபோது மணிலா பிடுங்கும் பருவம். சுப்பன் எந்திரத்துக்கு முன்னால் நடந்து நடந்து, பிடுங்கிய வரைக்கும் பிடுங்கினார். பாதிக் கொல்லை மண்ணோடு போயிற்று.

மாமாவோடு ஒன்றரை வருஷம் நான் பேசவில்லை. காலனியில் யாருமே பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அத்தை நின்றால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அத்தை அதற்கெல்லாம் அசரவில்லை. "நான் கேட்டனே, தெருவ எங்க காணோம்னு. அன்னிக்கி ஒருத்தியாவது எங்கூட வந்து கேட்டீங்களாடி?" என்று உரக்கவே கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கும்தான்.

1985 கார்த்திகையில் அத்தை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உங்க மாமனுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துகீது. உன்னக் கூப்புடுறான். வர்றதுன்னா வா."

போனேன். கட்டிலில் இளைத்துக் கிடந்தார். "அப்பீலு போட்டுகீறியாமே" என்றார். ஆமாம், கலெக்டருக்கு மேல்முறையீடு போட்டிருந்தேன். வேலைகள் ஊருக்குப் போய்விட்டன. மனை மட்டுமாவது கிடைக்குமா என்று. புதிய வாக்குமூலம் இருந்தால் மறுபடியும் விசாரிக்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். எப்படியும் வாங்கிவிடலாம் என்று இணைப்புப் பட்டியலில் அதையும் எழுதியிருந்தேன்.

"எழுதிகினு வா. கையெழுத்துப் போட்றேன்."

மறுநாளே எழுதிக்கொண்டு போனேன். நான் எழுதியது இது: "1962இல் கல்மேட்டில் பயிர் இருந்தது. விசாரணையில் அது தரிசு என்று நான் சொன்னது பொய்."

படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை படித்தேன். தலையை ஆட்டினார்.

"நான் பொய் சொல்லலடா. அவரு புள்ளி இன்னான்னு கேட்டாரு. புள்ளி தரிசுதான். நெலந்தான் கேவுரு. ரெண்டையும் எழுது."

"ஊரே நாசமாப் போச்சு, உனக்கு இன்னும் புள்ளிதான் பெருசா?"

"நடந்தத எழுதுன்றேன். படத்துல தரிசு, நெலத்துல கேவுரு. கதிர மடக்கிப் புடிச்சிகினுதான் கொடி புடிச்சேன். தரிசுன்னு எழுதச் சொல்லும்போது சும்மா இருந்தேன். எல்லாத்தியும் எழுது, போட்றேன். பொய்ன்னு எழுதினா போட மாட்டேன்."

அவர் சொன்னதைவிட வலுவான வாக்குமூலம் கிடையாது. இப்போது எனக்கு அது தெரிகிறது. வக்கீலும் பிற்பாடு அதைத்தான் சொன்னார். ஆனால் அன்று எனக்கு வேண்டியிருந்தது நிலத்துக்கான சாட்சியம் அல்ல. பொய் என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் கையாலேயே வாங்க வேண்டும் என்றிருந்தது. பெஞ்சில் எல்லாரும் சிரித்தபோது என் காது சுட்டதே, அதற்கு ஈடு கேட்டேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"உம் மனசு மாறினா சொல்லியனுப்பு."

"நீ மாத்தி எழுதிகினு வா" என்றார்.

நான் போகவில்லை. நான்கு வாரம் போகவில்லை. அவரும் சொல்லியனுப்பவில்லை. ஒரே தெருவில் பத்து வீடு தள்ளிதான் நாங்கள் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா இறந்துபோனார். காலனிக்காரர்கள் வந்தார்கள். சுப்பன் வந்தார். பெட்டியைத் தூக்கினார்.

அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று எங்கள் கோயிலின் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. உலகத்தில் யாருக்கும் தோன்றாத ஓர் ஆட்டத்தை யோசித்த மனிதர். பதினெட்டு ராஜ்ஜியங்களுக்கும் சம அளவு கொட்டை கொடுத்தவர். தான் நின்ற இடத்திலேயே புள்ளி வைத்தார். அதற்கு அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனமில்லை. என்னையும் கூடத்தான்.

மேல்முறையீடு இன்னும் கிடப்பில் இருக்கிறது. இந்தப் பங்குனியோடு மூன்றாவது வருஷம். போன மாதம் மறுபடியும் காஞ்சிபுரம் போயிருந்தேன். அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிப் பார்த்த குமாஸ்தா, "செயின்மேன் வாக்குமூலம்னு பட்டியல்ல இருக்கு. காகிதம் இணைக்கலையே" என்றார்.

"ஆள் இறந்துட்டார்" என்றேன்.

"அப்போ கையெழுத்து?"

இல்லை என்றேன். அவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் "வரவேண்டியது" என்று எழுதிக் கோப்பை மூடினார்.